மூலைத் தூணுக்கு ஒரு சட்டை

மாஸ்டரக்காவின் தையல் அறைக்குள் ஒரு தூண் நின்றது. கட்டடத்தின் மூலையைச் சுற்றி வளைந்து போகும் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து அவள் அறையாக்கிக்கொண்டபோது, வெளியே இருக்க வேண்டிய மூலைத் தூண் உள்ளே வந்துவிட்டது. அவள் அதைச் சும்மா நிற்கவிடவில்லை. ஒரு பக்கத்தில் ஆணியடித்து அளவு நாடாக்களைத் தொங்கவிட்டாள். மறுபக்கத்தில் பாதி தைத்த சட்டைகளை மாட்டினாள். நாளடைவில் தூண் இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது ஒரு பெண் இன்ஜினியர், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் காலில் சிமென்ட் படிந்த பூட்ஸுமாக வாசலில் வந்து நின்று, கட்டடத்தைப் பலப்படுத்த அந்தத் தூணின் உச்சியை உடைக்க வேண்டும் என்கிறாள்.

"எல்லா வீட்லயும் முடிஞ்சுதுக்கா. உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி."

"பாக்கியாவே இருக்கட்டும்."

"இது கட்டடத்தோட மூலை. இதை விட்டுட்டா மத்த இடத்துல பண்ணதுல பாதி வீண்."

"எனக்கு வெள்ளைத் துணி ஆர்டர் இருக்கு. தூசி விழுந்தா யார் பதில் சொல்றது, நீயா?"

"துளி தூசி விழாம பாத்துக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

மாஸ்டரக்கா கதவைச் சாத்தினாள். முகத்தில் அறையாத குறைதான்.

கோபம் தூசியின் மேல் இல்லை என்பது அவளுக்கே தெரியும். தூசிக்கு வழி கேட்டு நின்றவள் மேல்தான்.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியது அவள்தான். அக்காவின் தையல் மெஷின் ஓடினால்தான் அவனுக்குப் படிப்பு ஏறும்; மெஷின் நின்றால் தூங்கிவிடுவான். அப்படிப் படித்து பிசியோதெரபிஸ்ட் ஆகி, ஊரார் தோளையும் முழங்காலையும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் கையைத் தூக்கியே வேலை பார்த்ததில் அந்த இன்ஜினியருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வைத்தியத்துக்கு அவனிடம் வந்தாள். தோள் சரியாகப் போனது. தம்பிதான் சரியில்லாமல் போனான்.

"கல்யாணம்னு ஒண்ணு பண்ணா அவளைத்தான்கா," என்று போன வாரம் சாப்பிடும்போது சொன்னான்.

"அவளையா? குறை கண்டுபிடிக்கறதையே தொழிலா வச்சிருக்கா. தூண் சரியில்லை, பீம் சரியில்லைன்னு வீடு வீடாப் போய்ச் சொல்றவ, இங்க வந்தா என்னை விட்டுவைப்பாளா? காலையில காபி சரியில்லைன்னு ஆரம்பிச்சா சாயங்காலம் என் மூஞ்சியே சரியில்லைன்னு முடிப்பா."

தம்பி சிரிக்கவில்லை. "ஒண்ணு பண்ணு. அவ வேலை பாக்கறதை நீ கூட இருந்து பாரு. பாத்த பிறகும் வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிடு. அதுக்கப்புறம் நான் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"வாக்கு?"

"வாக்கு."

அவன் கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. 'வேண்டாம்' என்று அவள் சொன்னால் அவன் உண்மையாகவே அந்தப் பெண்ணை விட்டுவிடுவான்; பிறகு ஆயுள் முழுக்க அக்காவிடம் நல்லபடியாகவும் நடந்துகொள்வான். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கதவைச் சாத்திய மறுநாள் காலை அவளே போய்க் கதவைத் திறந்தாள். "வாம்மா. உடை."

வேலைக்காரர் குண்டண்ணன் உள்ளே வந்தார். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கு ஏற்காத மெல்லிய குரல். தூணைச் சுற்றிக் கூடாரம் போலப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, தரையோடு டேப் ஒட்டினார்கள். துளைபோடும் மெஷினோடு தூசி இழுக்கும் குழாயும் சேர்ந்தே வந்தது. அன்று சாயங்காலம் மாஸ்டரக்கா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, வெட்டு மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தித் துடைத்தாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் துடைத்தாள்.

"அக்கா, வேணும்னா அந்தக் கண்ணாடி விளிம்பையும் துடைச்சுப் பாருங்க," என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

போன வருடம் நிலம் ஆடியபோது இந்தக் கட்டடம் சில கீறல்களோடு தப்பித்தது. இரண்டு தெரு தள்ளி, இதே வயதுள்ள இன்னொரு கட்டடம் தப்பவில்லை. இடிபாட்டைப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் அதிசயமாகச் சொன்னார்கள். தூண்கள் முழுசாகக் கிடந்தன, பீம்களும் முழுசாகக் கிடந்தன. இரண்டும் சேர்ந்த இடங்கள் மட்டும் மாவாகப் போயிருந்தன.

"ஏறிப் பாருங்க," என்று இன்ஜினியர் ஸ்டூலைப் போட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தாள்.

பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் பெயர்த்த இடத்தில் கம்பிகள் தெரிந்தன. தூணின் கம்பிகள் கீழிருந்து மேலே போயின. அவற்றைச் சுற்றி, கைக்கு வளையல் அடுக்கினதுபோல வரிசையாக ரிங்குகள். பீமின் கம்பிகளுக்கும் அப்படியே. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மட்டும் பேருக்கு ஒரு ரிங்கும் இல்லை.

"சோம்பேறிங்க. இங்க மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க."

"திட்டாதீங்கக்கா. எல்லாக் கம்பியும் வந்து முட்டிக்கற இடம், கையே நுழையாது. அதோட அந்தக் காலத்துல வரைபடத்துலயே இங்க ரிங் போடச் சொல்லல. எடையைத் தாங்குன்னு கேட்டாங்க. பாவம், இத்தனை வருஷமா தாங்கிட்டு இருக்கு. ஆட்டத்தையும் தாங்கணும்னு யாரும் அதுகிட்ட சொல்லல."

வீட்டுக்குப் புதிதாக வந்த குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல அவள் தூணைப் பற்றிப் பேசினாள். மாஸ்டரக்கா டார்ச்சை அணைக்காமல் அங்கேயே நின்றாள்.

"அக்கா, ஒரு சட்டை முதல்ல எங்க கிழியும்?"

"இதென்ன கேள்வி? அக்குள்ல. துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் கையைத் தூக்கினா இழுபடறது அங்கதானே."

"இங்கயும் அதேதான். நிலம் ஆடும்போது இந்தச் சதுரம் ஒரு தடவை இப்படிக் கோணும், ஒரு தடவை அப்படிக் கோணும். பெருக்கல் குறி மாதிரி வெடிக்கும். ரிங் இருந்தா, வெடிச்ச துண்டுகளை விழவிடாம பிடிச்சு வச்சுக்கும். அது இல்லைன்னா எல்லாம் உதிரும். கிழியற இடத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உள்பக்கம் ஒரு துண்டு வச்சுத் தைப்பேன்."

"எனக்கு உள்ள கை போகாது. அதனால வெளியில சுத்தித் துணி போடறேன். ரிங் பண்ண வேண்டிய வேலையை அந்தத் துணி பண்ணும்."

"தூணுக்குத் துணியா!"

"கார்பன் துணி. வந்ததும் நீங்களே பாருங்க."

திறந்த இடத்தைக் கெட்டியான கலவையால் அடைத்து, அது இறுகும் வரை காத்திருந்தார்கள். பிறகு தூணின் கூர் மூலையைத் தேய்க்கும் வேலை. இதை மட்டும் அவள் குண்டண்ணனிடம் விடவில்லை. மெஷினைத் தானே பிடித்துக் கொஞ்சம் தேய்ப்பாள், நிறுத்துவாள், வளைவாக வெட்டிய ஓர் அட்டையை மூலையில் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். பிடித்துக்கொண்ட அதே தோள்தான். ஒரு தடவை கையைக் கீழே இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தோளைச் சுழற்றினாள்.

"போதும்மா. வளைஞ்சுதான் இருக்கே."

"கூர்மை கொஞ்சம் இருந்தாலும் இழுக்கும்போது துணியை அறுத்துடும்க்கா."

கழுத்து வளைவைப் பிரித்துப் பிரித்துத் தைக்கும்போது தானும் இப்படித்தான் பல்லைக் கடிப்பது மாஸ்டரக்காவுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தேநீர் போடும்போது இன்னும் இரண்டு டம்ளர் சேர்த்துப் போட்டாள். குண்டண்ணனுக்கும் சேர்த்து மூன்று என்று சொல்லிக்கொண்டாள்.

துணி வந்தது. சுருளைப் பிரித்ததும் மாஸ்டரக்கா மலைத்துப்போனாள். கருகருவென்று, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடிபோல எல்லா இழையும் ஒரே பக்கமாக ஓடியது. அங்கங்கே மெல்லிய வெள்ளை நூல்கள் குறுக்கே போய், இழைகள் கலையாமல் பிடித்திருந்தன.

குண்டண்ணன் தன் கத்திரியை எடுத்து ஓரத்தில் வைத்தார். அது வெட்டவில்லை, மென்றது. இழைகள் பிசிறிக்கொண்டு நின்றன.

"ஐயோ, துணியைக் கொல்றாரே மனுஷன்!"

மாஸ்டரக்கா உள்ளே போய்த் தன் பெரிய கத்திரியை எடுத்து வந்தாள். அந்தக் கத்திரியை யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் அதில் பட்டம் செய்யக் காகிதம் வெட்டியதற்காகத் தம்பி முதுகில் வாங்கியிருக்கிறான்.

"நகருங்க. நான் வெட்டறேன். அளவைச் சொல்லு பொண்ணு."

இன்ஜினியருக்கு முகம் மலர்ந்தது. கையுறையும் முகமூடியும் கொடுத்தாள். நீளம் சொன்னாள், அகலம் சொன்னாள். "இந்த பீம்ல ஆரம்பிச்சு, தூண் மூலையைச் சுத்திட்டு, அந்த பீம்ல போய் முடியும். நாலு பட்டை." அதற்குள் சாரம் பிரிக்கிறவர்கள் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட, ஓடினாள்.

மாஸ்டரக்கா துணியைப் பார்த்தாள், தூண் மூலையைப் பார்த்தாள். வளைவைச் சுற்றிப் போக வேண்டிய பட்டை. கழுத்தானாலும் கையானாலும் வளைவில் போகிற பட்டையைக் கிராஸாக, இழைக்குச் சாய்வாகத்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் சுருங்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். கிராஸாக வெட்டினால் தோல்போல ஒட்டிக்கொள்ளும். தையல் பழகும் எவருக்கும் முதல் மாதமே தெரிந்துவிடுகிற சங்கதி. இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று ஓர் அற்ப சந்தோஷம்கூட வந்தது. குறை கண்டுபிடிக்கிறவளிடம் ஒரு குறை கண்டுபிடித்தாயிற்று!

சுருளை மூலைவாட்டில் மடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே மூச்சில் நான்கு பட்டைகளையும் வெட்டினாள். துணி நிறையச் சேதமானது. கிராஸ் வெட்டு என்றால் சேதமாகத்தான் செய்யும். மேடம் வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று குண்டண்ணன் தன் பங்குக்குத் துணியை ஒட்டும் இரண்டு டப்பாப் பசையையும் வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டார். கலந்தால் அரை மணி நேரம்தான் அதற்கு ஆயுள்.

இன்ஜினியர் திரும்பி வந்தாள். மேஜையில் கிடந்த பட்டைகளைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். கண் வாளிக்குப் போனது, மறுபடி பட்டைக்கு வந்தது.

"என்னம்மா? மூலையில சும்மா வழுக்கிட்டுப் போகும் பாரு."

"அக்கா, இந்த முனையைப் பிடிங்க. நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன். இழுங்க."

இழுத்தார்கள். பட்டை நீண்டது. நடுவில் இழைகள் ஒன்றை விட்டு ஒன்று நழுவி, சல்லடைபோல இடைவெளி விட்டன.

மாஸ்டரக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு இழைகூட இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முழுசாக ஓடவில்லை. எல்லாம் ஓரத்துக்கு ஓரம் துண்டு துண்டாக நின்றன. கிராஸ் துணி இழுத்தால் விட்டுக் கொடுக்கும். அதற்காகத்தான் அதைக் கிராஸாக வெட்டுவது. இந்தத் தூணுக்கு வேண்டியதோ விட்டுக் கொடுக்கவே கொடுக்காத துணி.

"மேடம், வாளி சூடாகுது," என்றார் குண்டண்ணன். "ரெண்டு மடிப்பாப் போட்டு ஒட்டிடலாமே? மேல பூச்சு வந்துட்டா யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

அந்த யோசனை மாஸ்டரக்காவுக்கும் ஒரு கணம் தேனாக இனித்தது. ஒட்டிவிட்டால் அவள் செய்ததும் பூச்சுக்குள் போய்விடும்.

"கண்ணுக்குத் தெரியணும்னு இதை நாம பண்ணலையேண்ணே. வாளியை வெளியில வச்சிடுங்க, புகைய ஆரம்பிக்கும்."

இன்ஜினியர் சத்தம் போடவில்லை. பெருமூச்சுகூட விடவில்லை. மிச்சமிருந்த துணியை விரித்து அளந்தாள். ஒரு பட்டைக்குக்கூடக் காணாது. செல்பேசியை எடுத்துப் புதுத் துணிக்குச் சொன்னாள். தூரத்திலிருந்து வர வேண்டும்.

செய்தி எப்படியோ கீழே போய், கட்டடத்துச் செயலாளர் மேலே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. கட்டடமே அவரை விசில் சார் என்றுதான் சொல்லும்.

"வேலை நின்னு போச்சாமே? சாரத்தைப் பிரிக்கச் சொல்லியாச்சு, எல்லாருக்கும் முடிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. என்னம்மா இது?"

"துணி வீணாப் போச்சு சார். இழை எந்தப் பக்கம் ஓடணும்னு நான் அம்புக்குறி போட்டுக் குடுத்திருக்கணும். போடல. என் தப்பு."

"அனுபவம் இல்லாத சின்னப் பொண்ணை நம்பி இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கொடுத்தோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்!"

இன்ஜினியர் மேஜைக்கு அந்தப் பக்கம் கத்திரியோடு நின்றவள் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. திரும்பினால் போதும், விசில் சாருக்குப் புரிந்துவிடும். அந்த ஒரு பார்வை வரும், வரும் என்று எதிர்பார்த்து நின்ற மாஸ்டரக்காவுக்கு, அது வராமல் போனதுதான் நெஞ்சில் குத்தியது.

"வெட்டினது நான் சார்."

"மாஸ்டரா? நீங்களா?"

"நானேதான். அந்தப் பொண்ணு மேல குரலை உசத்தாதீங்க. உசத்தணும்னா என்கிட்ட உசத்துங்க. உங்க பேன்ட் இடுப்பை இன்னும் ரெண்டு இன்ச் விடணும்னு குடுத்திருக்கீங்களே, அதையும் சேர்த்துப் பேசிடலாம்."

விசில் சார் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. "துணி வந்ததும் சொல்லுங்க," என்று இறங்கிப் போனார்.

மாஸ்டரக்கா கத்திரியை மேஜையில் வைத்தாள்.

"என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?"

"எதுக்குக்கா? உங்ககிட்ட இதுவரைக்கும் வந்த துணியெல்லாம் உடம்போட வளையறதுக்காக நெய்தது. இது அப்படி இல்லைன்னு நான்தானே சொல்லணும்." இன்ஜினியர் பட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். "ஆனா ஒண்ணுக்கா. என்ன வெட்டு! ஒரு பிசிறு இல்ல. தப்பா வெட்டின துணியை இவ்வளவு அழகா நான் பாத்ததே இல்ல."

மாஸ்டரக்கா சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று இருந்தவள்தான்.

அன்று வேலை முடிந்து வந்த தம்பி, செருப்பைக் கழற்றாமலே கேட்டான்: "என்னக்கா, பாத்தியா?"

"பாத்துட்டிருக்கேன். நடுவுல வந்து பேசாதே."

அவன் முகம் தொங்கிப்போய் உள்ளே போனான். நல்லதாகப் பட்டது அவளுக்கு. தொங்கட்டும் இரண்டு நாள்.

புதுத் துணி வந்தது. இந்த முறை இன்ஜினியர் வெள்ளைச் சாக்பீஸால் இழை ஓடுகிற பக்கமாகப் பெரிய அம்பு போட்டாள். மாஸ்டரக்கா அம்போடு நேர்கோட்டில் வெட்டினாள். சேதமே இல்லை. குண்டண்ணன் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தொட்டார்.

பட்டையை ஒருவர் விறைப்பாகப் பிடிக்க, இன்னொருவர் ரோலரால் அழுத்திப் போக வேண்டும். குண்டண்ணன் இரண்டு பக்கமும் பீமில் துளைத்த துளைகளில் கார்பன் இழைக் கற்றைகளைப் பசையோடு செருகி, வெளியே நின்ற முனைகளைக் குஞ்சம்போல விரித்துக்கொண்டிருந்தார். பட்டையின் முனை பிய்த்துக்கொண்டு வராமல் அவைதான் பிடிக்குமாம். ஆகவே ரோலர் மாஸ்டரக்கா கைக்கு வந்தது. இரண்டு ஸ்டூல்களில் இரண்டு பெண்களும் ஏறி நின்றார்கள்.

பட்டை பீமில் படிந்தது. மூலைக்கு வந்தது. எத்தனை நாள் தேய்த்த மூலை! துணி சுருங்கவும் இல்லை, தூக்கிக்கொள்ளவும் இல்லை. வழுக்கிக்கொண்டு திரும்பி அந்த பீமுக்குப் போய்ச் சேர்ந்தது. பசை ஊறி, கறுப்பு இன்னும் கறுப்பாகியது. அந்தப் பெண் முகத்தைப் பட்டையோடு ஒட்டினாற்போல வைத்து, விரல் நுனியால் ஒவ்வொரு அங்குலமாக விறைப்புப் பார்த்தாள். வெளியே எந்தக் கண்ணும் பார்க்கப்போகாத இடம். அதற்கு இவ்வளவு கண் கொடுக்கிறாளே என்று மாஸ்டரக்கா அவளையே பார்த்தாள். தம்பி விஷயத்தைச் சாவகாசமாக, உட்கார்ந்து, கௌரவமாகப் பேச வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தாள். வாய் கேட்கவில்லை.

"உங்க வீட்ல எப்ப வந்து பேசலாம்?"

குண்டண்ணன் கையில் குஞ்சம் அப்படியே நின்றது. இன்ஜினியரின் விரல் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா, உங்க பக்கம் ஒரு குமிழி நிக்குது. இழை போற பக்கமாவே தள்ளுங்க."

மாஸ்டரக்கா தள்ளினாள். குமிழி ஓரம் வரை ஓடி உடைந்தது. "நான் கேட்டது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. பசை இறுகறதுக்குள்ள இன்னும் மூணு பட்டை போடணும்."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ரோலரோ பட்டையோ கீழே விழுந்திருக்கும். இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று நினைத்துக்கொண்டே அவள் அடுத்த பட்டைக்குக் கையை நீட்டினாள். இரண்டாவது போனது, மூன்றாவது போனது, நான்காவதின் முனையில் குண்டண்ணன் கடைசிக் குஞ்சத்தை விரித்து அழுத்தியபோது வாளியின் அடியில் பசை பாகுபோல இழுத்தது.

இன்ஜினியர் இறங்கினாள். கையுறையை உரித்தாள், முகமூடியைக் கழற்றினாள். கன்னத்தில் அதன் வார் பதிந்த தடம் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்க, அண்ணி. அம்மா வீட்ல இருப்பாங்க." குரல் கொஞ்சம் உடைந்தது. "அவர்கிட்ட யார் சொல்றது? நீங்களா, நானா?"

ஸ்டூலிலிருந்து இறங்க மனமில்லாமல் மாஸ்டரக்கா இன்னும் மேலேயே நின்றாள். ஈரம் மின்னும் அந்த மூலையை ஒரு தடவை இந்தப் பக்கமிருந்தும் ஒரு தடவை அந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா துள்ளிக் குதிச்சிட்டு உள்ள வந்து இதைத் தொட்டுப் பாப்பான். முதல்ல பசை காயட்டும்."